மலைக்கு ஏறி வந்த படவிழா: எங்கே உட்காரலாம், எதைத் தவிர்க்கலாம்

மூன்று நாள், மூன்று இடம். ஹட்டனை அடுத்த ஒரு சிறு நகரத்துத் தியேட்டர், நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம், ஞாயிறு இரவு ஒரு தோட்டத்து விளையாட்டு மைதானம். சர்வதேசப் படவிழா பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும், அல்லது 2015இலிருந்து விழா நடக்கும் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும் என்றிருந்த மலையகத்துக்கு இது சிறிய காரியமல்ல. படத் தேர்வு நன்றாகவே இருந்தது. அடுத்த முறையும் போகலாம். ஆனால் எந்த இடத்துக்கு, எந்தக் காட்சிக்கு என்று பார்த்துப் போக வேண்டும்.

பெரிய குறையை முதலில் சொல்லிவிடுகிறோம்: தமிழ் உபதலைப்பு. ஏறக்குறையப் பாதிப் படங்களுக்கு ஆங்கில உபதலைப்பு மட்டுந்தான். தமிழில் போட்ட படங்களிலும் மூன்று விதமான கோளாறுகள் தெரிந்தன.

முதலாவது எழுத்துரு. பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே பிளேயரில் ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பைதான் வரும். ஒரு குறும்படம் முழுவதும் அப்படியே ஓடியது. கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, படம் ஓடப்போகும் அதே மடிக்கணினியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தப் படம் தப்பியிருக்கும். இரண்டாவது, யூனிகோடு சரியாக இருந்தும் எழுத்துகள் சேராமல் போவது. 'கொ' என்பது கொம்பும் ககரமும் காலுமாகத் தனித்தனியே நிற்கும். வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுவார். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் இப்படி நடக்கும். தியேட்டரில் படத்தை ஏற்றி ஓட்டும் கணினிகளான சேர்வர்களில் இது வழக்கமான தொல்லை. அங்கே ஓட்டும் டிசிபி என்ற டிஜிட்டல் படத் தொகுப்புக்கு உபதலைப்பை எழுத்தாகக் கொடுக்காமல், ஒவ்வொரு வரியையும் படமாக்கிப் பிஎன்ஜி கோப்பாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு நேரமில்லை என்றால் படத்தின் மேலேயே பதித்துவிடலாம்.

மூன்றாவது மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக வருவது தமிழில் இரண்டு நீளச் சொல்லாகிவிடுகிறது. எங்கே உடைப்பது என்று தெரியாமல் இரண்டு வரி மூன்றாகி, நடிகரின் வாயை மறைக்கிறது. நிறைந்த இரண்டு வரியை நிதானமாக வாசிக்க ஆறு விநாடி வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. இங்கே மூன்று வரி நான்கு விநாடியில் மறைந்தது. 'தாங்கள் எங்கு செல்கின்றீர்கள்' என்று எழுதியதை 'எங்க போறீங்க' என்று எழுதினால் இடமும் மிச்சம், பாத்திரத்துக்கும் உயிர் வரும். தோட்டத்துப் பாட்டி ஒருவர் வாசித்து முடிக்கும் வேகத்தில் எழுதியிருக்கிறோமா என்று சத்தமாக வாசித்துப் பார்த்தாலே பாதிப் பிழை தெரியும்.

தியேட்டர் மூன்று இடங்களிலும் சிறந்தது. திரை சுத்தம், ஒலி தெளிவு, சாய்வான தரை. வெள்ளிக்கிழமை ஆறரைக் காட்சி மட்டும் ஒரு மணிநேரம் தாமதமாயிற்று. பூட்டிய டிசிபி, கேடிஎம் என்ற சாவிக் கோப்பு இல்லாமல் திறக்காது. அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட சேர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வெட்டப்படுவது. வெளிநாட்டு விநியோகஸ்தருக்கு எழுதும்போது எந்த நாட்டு நேரம் என்று குறிப்பிடாவிட்டால் கணக்குப் பிசகும். நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. ஆறரைக்குத் தொடங்க வேண்டிய படத்தின் சாவி ஏழரைக்குத்தான் திறந்தது. காட்சிக்கு ஆறு மணிநேரம் முன்பிருந்து மறுநாள் வரை சாவி கேட்டு வாங்குவதும், படத்தை முதல் நாளே சேர்வரில் ஏற்றித் திறந்து பார்ப்பதும் இதற்கு மருந்து. கடைசி நேரத்தில் மழைக்குப் பயந்து இடத்தை மாற்றினாலும் இதே கதிதான். சாவி பழைய சேர்வரை விட்டு நகராது.

நுவரெலியா மண்டபத்தைச் சிபாரிசு செய்ய மாட்டோம். நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லாம்பு வைத்த புரொஜெக்டர்கள் பலவற்றில் 1,500 மீற்றருக்கு மேல் போனால் 'உயர நிலை' என்ற அமைப்பைப் போட வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். காற்று மெலிந்திருப்பதால் சாதாரண வேகத்தில் சுழலும் விசிறி லாம்பைக் குளிர்விக்கப் போதாது. கொழும்பிலிருந்து கொண்டுவந்த கருவியில் அதை யாரும் மாற்றவில்லை போலும். நாற்பதாவது நிமிடத்தில் சூட்டில் தானே அணைந்தது. சூடான லாம்பை உடனே திரும்பப் பற்றவைக்க முடியாது, ஆறும்வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த அமைப்பைப் போட்டால் விசிறிச் சத்தம் கூடும். அதனால் கருவியைப் பார்வையாளர் நடுவே மேசையில் வைக்காமல் பின்சுவரோடு உயரத்தில் வைக்க வேண்டும்.

அங்கே தரை மட்டம். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தவரின் தலை ஏறத்தாழ 1.2 மீற்றர் உயரம் வரும். திரையின் கீழ் விளிம்பு அதற்கு மேலே இருக்க வேண்டும். இங்கே அது இடுப்பளவில் தொங்கியது. உபதலைப்பு ஓடும் இடமே முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. போகிறவர்கள் நடுவழியை ஒட்டிய கதிரையைப் பிடியுங்கள். கூரை தகரம். பிற்பகல் மழை கொட்டினால் வசனம் கேட்காது.

ஞாயிறு மைதானக் காட்சி எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. இருட்டு விழ ஏழு மணியாகும் என்று தெரிந்து ஏழேகாலுக்கே தொடங்கினார்கள். புரொஜெக்டரை அரைமணி முன்பே போட்டுச் சூடாக்கியிருந்ததால் கண்ணாடியில் பனி பூக்கவில்லை. திரைத் துணியில் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு பெரிய ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் விட்டால் எதிர்மலையில் பட்டு எதிரொலிக்கும். இரண்டு சிறியவற்றை இருபுறமும் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, அளவான சத்தத்தில் விட்டது நல்ல யோசனை. மூடுபனி இறங்கிய பத்து நிமிடம் படம் வெளிறியது, அதற்கு யாரும் பொறுப்பில்லை.

கலந்துரையாடல்களுக்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். முதல் நாள் அமர்வு மொழியில் சிக்கிக்கொண்டது. ஒரு மணிநேரத்தில் ஒவ்வொரு பதிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று முறை சொல்லப்பட்டால் பேச்சுக்கு எஞ்சுவது இருபது நிமிடம். இரண்டாம் நாள் காதுக்கருவி கொடுத்து, மொழிபெயர்ப்பாளர் இருவரை இருபது நிமிடத்துக்கு ஒருவராக மாற்றினார்கள். அரங்கின் முகமே மாறிப்போயிற்று. சிங்களத்தில் பேசிய இயக்குநரின் பேச்சுக்குத் தமிழ்ப் பெண்கள் அவரோடு சேர்ந்தே சிரித்தார்கள். அந்த இரு மொழிபெயர்ப்பாளர்களும்தான் இந்த விழாவின் சிறந்த பணியாளர்கள்.

அன்றைய பேச்சு, 1934இல் பசில் ரைட் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தைத் திரையிட்ட பிறகு நடந்தது. திரையிடலில் ஒரு தவறு: பழைய சதுரவாக்கான படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியதால் ஆட்கள் எல்லோரும் குட்டையும் பருமனுமாகத் தெரிந்தார்கள். இரு பக்கமும் கறுப்பு விட்டிருக்க வேண்டும். படத்தின் மூன்றாம் பகுதியில் உழைக்கிறவர்களின் காட்சி மேல் வியாபாரிகளின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். வர்ணனையோ ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்து, லயனல் வென்ட் வாசித்தது. கொழுந்தெடுப்பவர் குரல் எங்கே என்று பேச்சாளர் ஒருவர் கேட்டதிலிருந்து அமர்வு சூடுபிடித்தது.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியை நீட்டியபோது தோட்டத்திலிருந்து வந்த ஒருவரும் வாங்கவில்லை. நடத்துநர் புத்திசாலி. துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்தனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பெட்டி நிறைந்தது. அவற்றுள் ஒன்று, படம் பிடித்த அன்று அந்தப் பெண்களுக்கு முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) போட்டார்களா, அரைப் பேரா (அரைநாள்) என்று கேட்டிருந்தது. மேடையில் இருந்த நால்வரிடமும் பதில் இல்லை. சினிமாவைப் பற்றி அந்த மூன்று நாளில் கேட்கப்பட்ட மிகக் கூர்மையான கேள்வி அதுவென்றே நினைக்கிறோம். வரும் முறை எல்லா அமர்விலும் துண்டுத்தாள் வேண்டும்.

காலம் பற்றியும் ஒரு சொல். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, படவிழாவுக்கு ஏற்ற மாதங்கள். ஆனால் அது சிவனொளிபாதமலைப் பருவமும் கூட. சனி ஞாயிறுகளில் ஹட்டனில் அறை கிடைப்பது கடினம், முன்பே பேசி வையுங்கள். கம்பளிச் சட்டை மைதானத்துக்கு மட்டுமல்ல, மண்டபத்துக்கும் வேண்டும்.

மிச்சமிருப்பது பஸ். மாலை நாலரைக்குக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவி, டவுனுக்கு வருகிறவருக்கு ஆறரைக் காட்சிதான் சரி. இரண்டு மணிநேரப் படம் முடிந்து கலந்துரையாடலும் முடிய ஒன்பதரை. பொகவந்தலாவைப் பக்கமோ மஸ்கெலியாப் பக்கமோ அந்த நேரத்தில் போவதற்கு ஓட்டோதான், அதன் கூலி ஒரு நாள் சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும். வெள்ளியும் சனியும் தியேட்டரில் பின்வரிசைகள் காலியாகக் கிடந்ததற்கு இதுவே காரணம். மைதானக் காட்சிக்குப் பக்கத்துத் தோட்டப் பிரிவுகளான டிவிஷன்களிலிருந்து லொறி விட்டார்கள், நிற்க இடமில்லை. அதே லொறியைத் தியேட்டர் வாசலில் ஒன்பதரைக்கு நிறுத்துங்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகும் என்பதை நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் அச்சடியுங்கள்.