வியாகுல மாதா செபமாலை: கம்பியா, நூலா?

பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்துக்கு அருகே ஒரு சிறு கடையில் வாங்கினேன், 70 ரூபாய். இயேசுவின் தாய் மரியா பட்ட ஏழு துயரங்களுக்கு ஏழேழாக 49 மணிகள். முதலில் வாங்கியது கம்பியில் கோத்தது. காசிமேட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்தது. நூலில் கோத்த மர மணிமாலை இரண்டு வருடமாக உழைக்கிறது. கூடத் தரும் செபப் புத்தகத்தின் எழுத்துதான் எறும்பு அளவு.

கடலுக்குப் போன மகன் திரும்பாத பிறகு, சிறுவன் இயேசு காணாமல்போன மூன்றாம் துயரத்தைத் தாண்ட எனக்கு வெகுநாள் ஆயிற்று. மாதா மூன்று நாள் தேடினாள், பிள்ளை கிடைத்துவிட்டான். (பொறாமைகூடப் பட்டேன்.) இப்போது தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் இந்த மாலை ஒன்று வாங்கிப் போய் அருகில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆறுதல் வார்த்தை எனக்கு வராது. எதிர்வீட்டு அக்கா பாதியில் விம்மி நிறுத்தினார். மீதி மணிகளை நான் உருட்டினேன்.

ஐந்தாக வாங்கினால் கடைக்காரர் விலை குறைப்பார். கேட்டால்தான்.