இடுப்பில் மூன்று அங்குலம், எடையில் ஒன்றரைக் கிலோ

தோலுக்கடியில் உள்ள கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் சிகிச்சையைக் கோவையில் செய்துகொண்டேன். அதன் பலனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு 36 அங்குலத்திலிருந்து 33க்கு வந்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. எனக்கு இது நிறைவான பலன். இதே பணத்தைக் கட்டி, இதே பலனைப் பெற்று, ஏமாந்துவிட்டோம் என்று கண் கலங்கிய பெண்களையும் என் கடையில் பார்த்திருக்கிறேன். எடை குறையும் என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையோடு இனி ஒருவரும் மலையிறங்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

குன்னூரில் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். அறுபது கிலோ எடையுள்ள இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வந்தால் இருவருக்கும் ஒரே அளவில் ரவிக்கை வெட்ட முடியாது. ஒருவருக்குக் கைச்சதை, இன்னொருவருக்கு முதுகு மடிப்பு. எனக்குத் தொப்புளுக்குக் கீழேயும் இரண்டு விலாப் பக்கமும். ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு என் எடை 60 கிலோ, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கில் 24. இந்தியர்களுக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25 முதல் பருமன் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் வரம்பு. பெட்ஃபோர்டுக்கும் கீழ்க் கடைவீதிக்கும் ஏறி இறங்குகிற நடை எனக்கு எப்போதும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்தபோதெல்லாம் கன்னமும் கழுத்தும்தான் வற்றின. இரண்டாவது பிரசவத்தோடு வந்த அந்த மடிப்பு அப்படியே இருந்தது.

கோவையில் முதலில் நுழைந்தது உடல் இளைக்க வைக்கும் நிலையம் ஒன்று. என்னுடன் என் நாத்தனாரும் வந்திருந்தார், அண்ணி என்றுதான் அழைப்பேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர், சர்க்கரை நோய் உண்டு, எடை 84 கிலோ. அங்கே வெள்ளை அங்கி அணிந்து உட்கார்ந்திருந்தவர் எங்கள் இருவரையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டு, அவருக்குப் பதினைந்து கிலோ, எனக்கு எட்டுக் கிலோ "எடுத்துவிடலாம்" என்றார். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். அறுவை செய்யப்போவது யார், அவருடைய படிப்பு என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய டாக்டர்தான்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. காய்கறிக் கடையில்கூடக் கத்தரிக்காய் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் சொல்வார்கள். உடம்பில் குழாய் நுழைக்கப் போகிறவர் பெயரைச் சொல்லாத இடத்தில் ஒரு நிமிடமும் உட்காரக் கூடாது. 2022இல் பெங்களூருவில் ஓர் இளம் நடிகை கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்த செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

சிகிச்சை செய்துகொண்டது வேறோர் இடத்தில்: தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள, நடுத்தர அளவு மருத்துவமனை. சில குறைகளும் சொல்லவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற உயர் அறுவைப் படிப்பை முடித்த மருத்துவர். அவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வந்தவர்களில் ஒருவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

என்னைப் படுக்க வைத்து, வயிற்றுச் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார். தலையை மட்டும் தூக்கச் சொல்லி, நடுவயிற்றில் விரல் வைத்துத் தசை விலகியிருக்கிறதா என்று பார்த்தார். தசை விலகியிருந்தால் கொழுப்பை எடுத்தாலும் வயிறு தள்ளித்தான் நிற்குமாம். தோலை இழுத்துவிட்டு அது எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று கவனித்தார். தொய்ந்த தோல் என்றால் உள்ளே இருப்பதை எடுத்த பிறகு பை போலத் தொங்கும்; அதற்குத் தோலையே வெட்டித் தைக்கும் வேறு அறுவை தேவைப்படும். பிரசவக் கோடுகள் போகாது என்பதையும் கேட்காமலே சொன்னார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார்: "கையில் பிடிபடுவதைத்தான் அம்மா நான் எடுக்க முடியும்."

அடுத்து அண்ணி படுத்தார். அவருடைய வயிறு பெரிது, ஆனால் கல் போல இறுகியிருந்தது. விரலுக்குச் சதை அகப்படவில்லை. அந்தக் கொழுப்பு தோலுக்கடியில் இல்லை, வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது, அங்கே இந்தக் குழாய் போகாது, போகவும் கூடாது என்றார் மருத்துவர். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கெடுப்பதும் அந்த உள்கொழுப்புதான். அண்ணி விடவில்லை. "வெளியே இருக்கிற கொஞ்சத்தையாவது எடுத்தால் சர்க்கரை இறங்காதா டாக்டர்?" என்றார். அமெரிக்காவில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். நான் பிறகு தேடிப் படித்தேன். 2004இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு அது. பருமனான 15 பெண்களிடமிருந்து தலைக்குச் சுமார் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தால் இன்சுலின் வேலை செய்யும் திறன், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. அதே பத்துக் கிலோ சாப்பாட்டாலும் நடையாலும் குறைந்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும். உடம்பு தானாகக் கரைக்கும்போது உள்கொழுப்பும் சேர்ந்து கரைகிறது. எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் இறங்கினாலே சர்க்கரையில் தெரியும் என்றார். அண்ணியை அதே மருத்துவமனையின் சர்க்கரை நோய் மருத்துவரிடமும் உணவியலாளரிடமும் அனுப்பிவைத்தார். வரவிருந்த பணத்தை வேண்டாம் என்ற அந்த ஒரு செயலால்தான் என் உடம்பை அவரிடம் ஒப்படைத்தேன்.

சிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் நிற்க வைத்து, ஊதா மார்க்கரால் வயிற்றிலும் விலாவிலும் வட்டம் வட்டமாக வரைந்தார்கள். வரைபடம் போல மேடு பள்ளம் குறிக்கும் அந்த வேலைக்கே நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். நிற்கும்போது தெரிவது படுத்தால் தெரியாது என்பதை என் தொழிலிலும் சொல்வோம். பிறகு மயக்க மருந்து. உப்புநீரில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்னும், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் மிகச் சிறிய அளவில் கலந்து முதலில் உள்ளே ஏற்றுகிறார்கள். அதனால் ரத்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. 1980களில் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன்பு, 1970களின் பிற்பகுதியில், பாரிஸில் இல்லூஸ் என்பவர் முனை மழுங்கிய குழாயைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். சில மில்லிமீட்டர் துளைகள் வழியாக அந்தக் குழாயை முன்னும் பின்னும் ஓட்டி உறிஞ்சுவதுதான் வேலை. எனக்கு எடுத்தது மொத்தம் இரண்டரை லிட்டர். மேலே மஞ்சளாகப் படிந்த கொழுப்பு மட்டும் 1.8 லிட்டர். ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 900 கிராம்தான் இருக்கும். எட்டுக் கிலோ எடுக்கிறேன் என்றவரின் பேச்சை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரே அமர்வில் ஐந்து லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட எல்லை.

முதல் வாரம் எடை மெஷினில் ஏறி நின்றால் ஒரு கிலோ கூடியிருக்கும். உள்ளே ஏற்றிய நீரும் வீக்கமும் அது. பதற வேண்டாம். முதல் இரண்டு நாள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசியும், படுக்கையில் ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். காயம் பட்டதுபோல் நீலமும் மஞ்சளுமாகத் தோல் மாறி மாறித் தெளியும். மாவு பிசைந்த கை மறுநாள் வலிக்குமே, அந்த வலி வயிறு முழுக்க. முழு வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆனது.

இனி அழுத்த உடை. தையற்காரியாக இதில் என் குறை பெரியது. மார்புக்குக் கீழிருந்து தொடை நடுவரை இறுக்கிப் பிடிக்கும் உடை. ஆறு வாரம், முதல் மூன்று வாரம் இரவும் பகலும் அணிய வேண்டும். தோல் தசையோடு சமமாக ஒட்டுவதும், இடைவெளியில் நீர் சேராமலிருப்பதும் இந்த உடையின் கையில்தான். அவ்வளவு முக்கியமான உடையை மருந்துக் கடையில் மீடியம், லார்ஜ் என்று கேட்டு 4,500 ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவரும் டேப் வைத்து அளக்கவில்லை. துணி நல்ல துணி, நைலானும் எலாஸ்டிக் நூலும் கலந்த நெசவு. தையல் விளிம்புகள் வெளிப்பக்கம் வைத்துத் தட்டையாகத் தைத்திருந்தார்கள், அது சரி. ஆனால் பக்கவாட்டு ஹூக் வரிசைக்கு அடியில் வைக்கும் பட்டி அரை அங்குலம் குறைச்சல். உட்கார்ந்தால் ஹூக்குகளின் தடம் வரிசையாகத் தோலில் பதிந்தது. இடுப்பு உயரம் எனக்கு ஓர் அங்குலம் கூடுதலாக இருந்ததால் வயிற்றின் குறுக்கே துணி மடிந்தது. அந்த மடிப்பு நாள்கணக்கில் அழுத்தினால் சதையிலும் பள்ளம் விழும் என்று செவிலியர் எச்சரித்திருந்தார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பட்டியை அகலப்படுத்தி, உயரத்தைப் பிடித்து, நானே மாற்றிக்கொண்டேன். எல்லோரும் தையற்காரி இல்லை. சிகிச்சைக்கு முன்பே அளவெடுத்து உடை தைத்துத் தருவதை மருத்துவமனைகள் கட்டாயமாக்க வேண்டும்.

இரண்டு உடை வாங்குங்கள். தீபாவளித் தையல் முடிந்து கடை ஓய்ந்ததும் நான் போனேன். குன்னூரில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். துவைத்துப் போட்டது இரண்டு நாளாகியும் ஈரமாகவே இருந்தது. அடுப்பருகில் காட்டினாலும் இஸ்திரி போட்டாலும் எலாஸ்டிக் செத்துவிடும். கோவை வெயிலில் அரிப்பெடுக்கும் இந்த உடை நம் குளிருக்கு உள்ளே இதமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மழையில் இன்னொரு சிரமம், பர்லியார் சாலையில் மண் சரிந்தால் மறுபரிசோதனைக்குப் போக முடியாது. எனக்கு ஒரு முறை அப்படி ஆனபோது மருத்துவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மலையில் இருப்பவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி உகந்தது.

திரும்பும் பயணத்தையும் அவர் முன்கூட்டியே யோசித்திருந்தார். அன்று மாலையே எழுந்து நடக்க வைத்தார், காலில் ரத்தம் உறையாமலிருக்க. சில இரவுகள் கோவையிலேயே தங்கச் சொன்னார். பஸ் வேண்டாம், கார் போதும். மேட்டுப்பாளையத்திலும் பர்லியாரிலும் இறங்கிச் சிறிது நடந்துவிட்டு ஏறுங்கள் என்றார். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ நள்ளிரவானாலும் அழைக்கச் சொல்லிச் சொந்த எண்ணைக் கொடுத்தார். ஒரு முறை இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தேன், எடுத்தார்.

கொழுப்பு திரும்ப வருமா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். எடுத்த செல்கள் போனவைதான். வயது வந்த பிறகு நம் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்று 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் மிச்சமுள்ள ஒவ்வொரு செல்லும் பருத்துப் பெரிதாகும். தொடையில் உறிஞ்சிய பெண்களுக்கு ஒரே ஆண்டில் வயிற்றில் கொழுப்பு சேர்ந்ததை 2011இல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அதனால் மாலைத் தேநீரோடு தின்னும் வர்க்கியை நான் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். ஊட்டி வர்க்கியின் மேல் எனக்கு ஆசை குறையவில்லை. மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருப்பதால்தான் அது அப்படி நொறுங்குகிறது.

பணம். மருத்துவமனை சொன்ன தொகை 1,20,000 ரூபாய். பில் வந்தபோது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,41,600. மற்ற மருத்துவச் சிகிச்சைகளுக்கு வரி விலக்கு உண்டு, அழகுக்கான அறுவைக்குக் கிடையாது. வரவேற்பு மேசையில் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இருபத்தோராயிரம் ரூபாய் என் போன்றவர்களுக்குச் சிறிய தொகை இல்லை. மருத்துவக் காப்பீடும் இதற்குப் பணம் தராது. மருத்துவருக்கு ஐந்துக்கு ஐந்து, அலுவலகத்துக்கு மூன்று, உடைக்கு இரண்டு.

அண்ணி இந்த ஓராண்டில் ஆறு கிலோ இறக்கியிருக்கிறார். இரவுச் சோற்றை நிறுத்தினார், தோட்டத்துச் சரிவில் தினமும் நடக்கிறார், மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது. அவருடைய சுடிதார் எல்லாவற்றையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

சிகிச்சை செய்துகொண்டு வந்து உடை பொருந்தாமல் தவிக்கும் பெண்கள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால், உங்கள் மருத்துவர் சம்மதத்தோடு குன்னூருக்கு எடுத்து வாருங்கள். பட்டி அகலப்படுத்துவதும் உயரம் பிடிப்பதும் அரைமணி நேர வேலை. அதற்கு நான் கூலி வாங்குவதில்லை.