ஆறு வருடமாக ஓடும் ஆயில் பர்னர்: மாட்டியதும் திருகியதும்

வெந்நீர் பாய்லருக்கு டீசலில் எரியும் பர்னர் மாட்டி ஆறு வருடம் ஆகிவிட்டது. மோட்டார், பம்ப், விசிறி மூன்றும் முதல் நாள் வந்தவைதான், இன்னும் மாற்றவில்லை. இதற்கிடையில் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசிக்குப் பர்னர் பொறுப்பே இல்லை. அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயும் அதைத் திருகிய கைகளும்தான் பொறுப்பு. அந்தக் கைகளில் என்னுடையவையும் உண்டு.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. கதவில் கேஸ்கெட், நான்கு போல்ட், எண்ணெய்க் குழாய், மின் இணைப்பு. அரை நாள் வேலை. மாட்ட வந்தவர் பம்ப் அழுத்தத்தை 10 பாரில் வைத்தார், 1.00 என்று பொறித்த நாசிலை, அதாவது எண்ணெய் தெளிக்கும் முனையைப் போட்டார், பார்வைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். “தீ நல்லா மஞ்சளா எரியுது சார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

இரண்டு மாதத்தில் புகைபோக்கி வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறியது. கதவைத் திறந்தால் உள்சுவர் முழுக்க வெல்வெட் துணி ஒட்டியது போலக் கரி. விரலை வைத்தேன், நகக்கண் வரை புதைந்தது.

காரணம் அந்த 1.00. நாசிலில் பொறித்திருக்கும் எண், 7 பார் அழுத்தத்தில் மணிக்கு எத்தனை அமெரிக்க கேலன் என்ற கணக்கு. அழுத்தத்தைக் கூட்டினால் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப எண்ணெயும் கூடும். 10 பாரில் அது 1.2 கேலன், அதாவது மணிக்குச் சுமார் 4.5 லிட்டர். லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி என்று வைத்தால் 45 கிலோவாட் தீ. என் பாய்லர் தாங்குவதோ 39. போதாக்குறைக்குக் காற்றும் குறைவு.

அடுத்து வந்தவர் கண்ணை நம்பாத ஆள். 0.85 நாசில் போட்டார். புகைபோக்கியில் துளையிட்டு முதலில் புகையை மேலே இழுக்கும் இழுவையை அளந்தார், பிறகு பம்ப் அழுத்தம், கடைசியில்தான் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பர். கைப்பம்பில் வெள்ளைத் தாளைச் செருகிப் பத்து முறை புகையை இழுத்தார். தாளில் காசு அளவுக்குக் கறுப்பு வட்டம். டேம்பரை ஒரு மயிரிழை திறப்பது, மறுபடி இழுப்பது என்று ஐந்தாறு தாள் போயிற்று. வட்டம் சாம்பல் நிறமாகி, பிறகு மறைந்தது. அதற்கு மேலும் துளி காற்று சேர்த்தார். “வெயில் நாள்ல காத்து லேசாயிடும் சார், விசிறில தூசியும் படியும், அதுக்கு இடம் விடணும்” என்றார். புகையை அளக்கும் அனலைசர் காட்டியது கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதம், ஆக்சிஜன் 4.6.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மறுவருடம் “காற்று அதிகம் இருந்தால் சுத்தமாக எரியுமே” என்று டேம்பரை நானே தாராளமாகத் திறந்தேன். கரி துளியும் இல்லை, டீசல் செலவு மட்டும் கூடியது. வேண்டாத காற்றையும் சூடாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் வருடம் காலை வேளைகளில் பர்னர் பற்றாமல் லாக்அவுட் ஆனது, அதாவது தானே நின்று பூட்டிக்கொண்டது. தீப்பொறி தரும் எலக்ட்ரோடுகளின் இடைவெளி 3 மில்லிமீட்டர், சரி. தீ எரிகிறதா என்று பார்க்கும் ஃபோட்டோசெல்லையும் துடைத்தாயிற்று. பொறுமையிழந்து ரீசெட் பட்டனை மூன்று நான்கு முறை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் எரியாத எண்ணெய் அறைக்குள் தெளித்துத் தேங்கியிருக்கிறது. கடைசியில் பற்றியபோது ‘டொம்’ என்ற சத்தத்தில் கதவே அதிர்ந்தது. அன்றிலிருந்து ஒரு முறைக்கு மேல் அந்தப் பட்டனைத் தொடுவதில்லை.

தொட்டியிலிருந்து எண்ணெய் வரும் உறிஞ்சு குழாயில் ஒரு முழம் ஒளிபுகும் குழாய் வைத்துப் பார்த்த பிறகே குற்றவாளி சிக்கியது. வரிசையாகக் குமிழிகள். ஃபில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங் வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது, ஏனென்றால் அந்த இடத்தில் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரியெல்லாம் எண்ணெய் தொட்டிக்கே இறங்கிவிடும்.

மிச்ச எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிப் போகும் குழாயை எடுத்துவிட்டு ஒற்றைக் குழாய்க்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பம்புக்குள் இருக்கும் சின்ன பைபாஸ் திருகைக் கழற்ற மறந்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல் பிய்த்துக்கொள்ளும். எனக்கு நடக்கவில்லை, வந்தவர் நினைவுபடுத்தியதால் தப்பித்தேன்.

வருடத்துக்கு ஒரு நாசில், ஒரு ஃபில்டர். நாசிலை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், துளை ஓரம் கீறினாலே தெளிப்பு ஒருபக்கமாகச் சாயும்.

பாய்லர் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: நாசில் 0.85, தெளிப்புக் கோணம் 60 டிகிரி, 10 பார், டேம்பர் நிற்கும் கோடு, கடைசியாக அளந்த தேதி. போன மாதம் சர்வீசுக்கு வந்த பையன் பெட்டியைத் திறப்பதற்கு முன் அதைத்தான் படித்தான்.