மக்காச்சோளத்தில் அஃப்லடாக்சின்: ஸ்ட்ரிப் ரீடரை வைத்து வேலை பார்த்த அனுபவம்

நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். சில வருடங்களாக அஃப்லடாக்சின் (தானியத்தில் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு) பார்க்க ஸ்ட்ரிப் ரீடர்தான் பயன்படுத்துகிறோம். ஸ்ட்ரிப்பில் விழும் கோட்டைப் படித்து நஞ்சின் அளவைச் சொல்லும் கருவி அது. வாங்கலாமா, காசுக்குத் தகுமா என்று மற்ற ஆலைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிராண்ட் பெயர் எழுதவில்லை. நான் கையாண்ட வரையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன.

முன்பு எங்களிடம் இருந்தது கறுப்பு விளக்கு. 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் உடைத்த சோளத்தைப் பரப்பினால் பூஞ்சை பிடித்த துண்டுகள் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மின்னுவது அஃப்லடாக்சின் அல்ல, அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலத்திலிருந்து வரும் பொருள். மின்னும் லோடில் நஞ்சு இல்லாமலும் இருக்கும், மின்னாத லோடில் நிறைய இருந்தும் தொலைக்கும். ஆன்டிபாடி வைத்து நஞ்சை அளக்கும் எலிசா கிட்டும் வைத்திருந்தோம், இப்போதும் இருக்கிறது. 96 குழித் தட்டு என்பதால் நிறைய சாம்பிள் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் சாயங்காலம் வரை காத்திருப்போம். முடிவு வரும்போது அந்தச் சோளம் குழியில் கொட்டி, அரைத்து, கலந்து, பாதி பண்ணைக்கே போயிருக்கும்.

ரீடர் வந்ததும் மாறியது இதுதான்: முடிவு லாரி எடைமேடையில் நிற்கும்போதே கையில் இருக்கிறது. மாவை எடை போட்டு, கரைசலில் குலுக்கி, தெளியவிட்டு, வடிகட்டி, சில சொட்டு ஸ்ட்ரிப்பில் விட்டால் ஐந்தாறு நிமிடத்தில் கோடு வந்துவிடும். சாம்பிள் எடுப்பது, அரைப்பது எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் என்று வையுங்கள். புதிதாக வருகிற பையன்கள் எல்லாருமே குழம்புகிற இடம் ஒன்று உண்டு. இதில் நஞ்சு கூடக் கூட டெஸ்ட் கோடு மங்கும். தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடியை (நஞ்சோடு ஒட்டும் புரதம்) நஞ்சு முதலில் பிடித்துக்கொண்டால் கோட்டில் போய் ஒட்ட மிச்சம் இருக்காது. கோடு பளிச்சென்று விழுந்தால் சோளம் நல்ல சோளம். ஸ்ட்ரிப் ஒழுங்காக வேலை செய்ததைக் காட்டும் கன்ட்ரோல் கோடே விழவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். ரீடர் பொய் சொல்வது அபூர்வம். அதற்குக் கொடுக்கிற கைப்பிடி மாவுதான் பெரும்பாலும் பொய் சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஆலையின் எல்லை 20 பிபிபி (பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). 25 டன் லோடில் 20 பிபிபி என்றால் மொத்த நஞ்சு அரை கிராம். அந்த அரை கிராமும் லோடு முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஒற்றைச் சோள மணியில் 4 லட்சம் பிபிபி வரை அளந்திருக்கிறார்கள். அப்படி ஒரு மணி விழுந்தால் போதும், ஆறு கிலோ சுத்தமான சோளம் எல்லையைத் தொட்டுவிடும். அந்த மணி உங்கள் குத்தூசியில் சிக்கினால் ஒரு முடிவு, சிக்காவிட்டால் வேறு முடிவு.

பெரம்பலூர் தரகர் ஒருவர் ஒருமுறை ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "தம்பி, காலையில வந்த லோடும் இதே களத்துச் சோளம்தான். அது 8, இது 46-ங்கிறீங்க. மிஷின்ல கோளாறு."

"மிஷின் சரியாத்தான் இருக்குங்கண்ணா. நீங்களே கூட நில்லுங்க, மறுபடி குத்தி எடுப்போம்."

முதலில் அதே வடிநீரில் இன்னொரு ஸ்ட்ரிப் போட்டேன்: 43. அதே மாவில் வேறு பகுதியை எடுத்துக் கரைத்தேன்: 39. அப்புறம் லாரியின் முன், நடு, பின், மேல் மூட்டை, அடி மூட்டை என்று அவர் கண் முன்னாலேயே புதிதாகக் குத்தி எடுத்துப் பார்த்தால் 31. வித்தியாசம் எங்கே எகிறுகிறது என்று அவருக்கே புரிந்தது. லோடு திரும்பிப் போனது, அது வேறு கதை. அடி மூட்டைகள் நனைந்திருந்தன.

இதற்குப் பிறகு நாங்கள் காசு செலவழித்தது ரீடரில் இல்லை, அரவை மிஷினிலும் சாம்பிள் பிரிப்பானிலும். லோடுக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் எடுத்து, முழுவதையும் அரைத்து, அதன் பிறகே பிரிக்கிறோம். முதலில் பிரித்துவிட்டு ஒரு கைப்பிடியை மட்டும் அரைப்பது வேலைக்காகாது. மாவு 20 மெஷ் சல்லடையில் பெரும்பகுதி இறங்க வேண்டும். குருணையாக இருந்தால் நஞ்சு கரைசலுக்கு முழுதாக வராது, அளவு குறைத்துக் காட்டும்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்ட்ரிப்பை அறைச் சூட்டுக்கு வராமல் பிரித்தால் ஈரம் கோர்த்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஸ்ட்ரிப்பின் லாட் மாறும்போதெல்லாம் அந்த லாட்டின் குறியீட்டை ரீடரில் ஸ்கேன் செய்தாக வேண்டும். பழைய கிட்டில் மெத்தனால்; நாற்றமும் உண்டு, கழிவை என்ன செய்வது என்ற தலைவலியும் உண்டு. இப்போது தண்ணீர் அடிப்படையிலான கரைசல் வந்துவிட்டது. அதற்கு மாறியதில் எனக்கு வருத்தமே இல்லை.

சோளத்துக்கு என்று சரிபார்த்த கிட்டில் கடலைப் பிண்ணாக்கையோ டிடிஜிஎஸ்ஸையோ (எத்தனால் ஆலையில் மிஞ்சும் உலர்ந்த தானியச் சக்கை) அப்படியே போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பொருளுக்குத் தகுந்த நீர்த்தல், அதற்கான செட்டிங் இரண்டும் வேண்டும். டிடிஜிஎஸ் விஷயத்தில் இன்னும் கவனம். எத்தனால் ஆலையில் மாவுச்சத்து போய்விடுகிறது, நஞ்சு போவதில்லை. மூலத் தானியத்தில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிவாகிவிடும். விலை மலிவு என்று வருகிற டிடிஜிஎஸ்ஸுக்கு நான் இரட்டைச் சாம்பிள் போடுகிறேன்.

இன்னொன்று, அஃப்லடாக்சின் ஸ்ட்ரிப் அஃப்லடாக்சினை மட்டுமே பார்க்கும். மக்காச்சோளத்தில் ஃபியூமோனிசின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சு சர்வசாதாரணம், அதற்குத் தனி ஸ்ட்ரிப், தனிச் செலவு. ஒவ்வொரு லோடுக்கும் எல்லாம் பார்ப்பது நடக்காத காரியம். சில நூறு ரூபாய் ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும். பருவத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கிறோம்.

எங்கள் மாட்டுத்தீவன வாடிக்கையாளர்கள் இப்போது ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு எடுப்பதில்லை. 2019இல் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வெளியிட்ட பால் ஆய்வில் தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88, அஃப்லடாக்சின் எம்1-க்கு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. மாடு தீவனத்தில் தின்னும் அஃப்லடாக்சின் பி1தான் பாலில் எம்1 ஆக வருகிறது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் இந்தக் கேள்வியே எங்கள் பக்கம் பரவலானது.

அகச்சிவப்பு ஒளியால் தானியத்தை அளக்கும் என்ஐஆர் கருவியே போதும், நஞ்சையும் சொல்லிவிடும் என்று விற்க வருகிறார்கள். ஈரப்பதம், புரதம் பார்க்க அது அருமையான கருவி. பிபிபி அளவில் அதை நம்பி லாரியைத் திருப்பி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. ரீடரையே கூட அப்படியே நம்பிவிடுவதில்லை. அளவு தெரிந்த ரெஃபரன்ஸ் மாவை அவ்வப்போது ஓட்டுகிறோம், சந்தேகமான சாம்பிளை ஹெச்பிஎல்சி என்ற துல்லியமான சோதனைக்கு வெளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்.

வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் எந்தெந்தத் தானியத்துக்குச் சரிபார்த்த கிட் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலாவதி நெருங்கிய ஸ்ட்ரிப் பெட்டிகளைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுவார்கள், எங்களுக்கு நடந்திருக்கிறது. அறுவடை சீசன் தொடங்குவதற்கு முன் தேதியைப் பார்த்து ஆர்டர் போடுங்கள். சீசன் நடுவில் கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள்.