கொழுந்து மடுவத்தில் ஆறு வருடங்கள்: எங்கள் தொழில்நுட்பத் தெரிவு

இலங்கை மலையகத்தில் ஹட்டனை அண்டிய சில தேயிலைத் தோட்டங்களுக்காக, கொழுந்து நிறுவையைப் பதியும் செயலியொன்றை 2019 முதல் பராமரித்து வருகிறோம். முதற் பதிப்பு உலாவியில் இயங்கியது. தரவு முழுவதும் வெளிநாட்டு மேகச் சேவையொன்றில் இருந்தது. அலுவலகத்தில் அழகாக ஓடிய அது, கொழுந்து நிறுக்கும் பள்ளத்து மடுவத்தில் சிக்னல் கிடைக்காமல் வெள்ளைத் திரையாக நின்றபோது, கணக்கப்பிள்ளை பேசாமல் பழைய கொப்பியை எடுத்துக்கொண்டார். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டதும் மாதக் கட்டணமும் தாங்க முடியாததாயிற்று.

மறுபடி எழுதியபோது கைப்பேசிச் செயலிகளை எழுத உதவும் பிளட்டரைத் தெரிவுசெய்தோம். அதேபோன்ற ரியாக்ட் நேட்டிவும் போதுமாயிருந்திருக்கும்; எங்களில் ஒருவருக்குப் பிளட்டரின் நிரல்மொழியான டார்ட் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உண்மையில் எங்களைக் காப்பாற்றியது, கைப்பேசிக்குள்ளேயே இயங்கும் சிறு தரவுத்தளமான எஸ்கியூலைட். ஒவ்வொரு நிறுவையும் முதலில் கைப்பேசியிலேயே பதியப்பட்டு, சிக்னல் கிடைக்கும்போது சேவையகத்துக்குப் போகிறது. பாதியில் பற்றரி தீர்ந்தால் முடிவடையாத பதிவு மட்டுமே கைவிடப்படும். இரண்டு கைப்பேசிகள் ஒரே இலக்கத்தை வழங்கிவிடாதபடி, வரிசை எண்ணுக்குப் பதிலாக யூயூஐடி எனும் நீண்ட தனித்துவ அடையாளக் குறியைப் பயன்படுத்துகிறோம்.

சேவையகத்தில் ஜாங்கோ என்ற வலைச் சட்டகமும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் உள்ளன. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் எடுப்பதால், ஜாங்கோ 4.2இலிருந்து 5.2க்கு மாறியது ஒரு வார வேலையோடு முடிந்தது.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் தமிழ் எழுத்திலிருந்தே வந்தது. தோட்டத்தின் பெயர்ப்பட்டியல், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி, ‘கோ’வின் உயிர்க்குறியை இரட்டைக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாக எழுதியிருந்தது, கைப்பேசி விசைப்பலகையோ ஒரே குறியீடாக எழுதியது. கண்ணுக்கு ஒன்றேயான கோகிலா, தரவுத்தளத்தில் இருவரானார். காலையில் 14 கிலோ ஒருவர் பெயரிலும் மாலையில் 9 கிலோ மற்றவர் பெயரிலும் விழ, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய 18 கிலோ நியமத்தை இருவருமே எட்டாததால், மேலதிகமான 5 கிலோவுக்குரிய காசு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் வந்து கேட்ட பிறகே தேடினோம். இப்போது உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும், இத்தகைய இரு குறியீடுகளை ஒன்றாக இணைக்கும் யூனிகோடின் என்எப்சி வடிவத்துக்கு ஒழுங்குபடுத்திய பின்னரே சேமிக்கிறோம்.

நிறுவைத் துண்டு அச்சிடுவது இன்னும் தலைவலிதான். நாங்கள் வாங்கிய சிறிய வெப்ப அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு துண்டையும் படமாக வரைந்து அனுப்புவதால், மடுவத்தில் வரிசை நீளும் மாலைகளில் முணுமுணுப்புக் கேட்கிறது.