ரங்கூன் கரண்டுக்கு எந்த பவர் சப்ளை? மூணு பெட்டிய வச்சு ஒரு அலசல்

தங்கச்சி மகன் கேமிங் பிசி கட்டுறான், ரைசன் 5 7600 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் வாங்கியாச்சு, பவர் சப்ளை மட்டும் நீங்க பாத்து சொல்லுங்க மாமான்னான். கடையில மூணு பெட்டி எடுத்து வச்சாங்க. ஒண்ணு பேரு தெரியாத 750 வாட், ரெண்டாவது நல்ல கம்பெனியோட 550 வாட் ப்ரான்ஸ் (Bronze), மூணாவது 750 வாட் கோல்ட். ப்ரான்ஸ், கோல்ட்னா கரண்ட எவ்வளவு வீணாக்காம மாத்தித் தருதுங்குறதுக்கான தரம்.

முதல் பெட்டிய கையில தூக்குனதுமே தெரிஞ்சுபோச்சு, கனமே இல்ல. பக்கவாட்டு ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர்தான் போட்டிருக்கு, பெருக்கிப் பாருங்க, 360 வாட். கார்டும் ப்ராசசரும் இழுக்குறது கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட்லதான், அப்போ வெளிய 750ன்னு எழுதி என்ன பிரயோஜனம்? என் பழைய மெஷின்லயும் இப்படி ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு ராத்திரி கரண்டு திரும்பி வந்து தெருவே "மீ லா பியி"ன்னு (பர்மிய மொழில 'கரண்டு வந்துருச்சு') கத்துது, என் ரூம்ல டப்புன்னு ஒரு சத்தம், கருகுன வாடை, மதர்போர்டும் சேர்ந்து போச்சு. இத வாங்கவே வாங்காதீங்க.

ப்ரான்ஸ் அப்படி இல்ல, நேர்மையான சாமான். 12 வோல்ட்ல 45 ஆம்பியர், அதாவது 540 வாட். கணக்கு போட்டா 4070க்கு 200, ப்ராசசர் முழு வேகத்துல 88, ஃபேன், எஸ்எஸ்டி, போர்டு எல்லாத்துக்கும் ஒரு 60, மொத்தம் 350 பக்கம். ஓடும். ஆனா கார்டு ஒரு கணம் திடீர்னு அதிகமா இழுக்கும், அதனாலதான் கார்டு கம்பெனி என்விடியா 650 வாட் சப்ளை கேக்குது. அதவிட எனக்கு உறுத்துனது ஸ்டிக்கர்ல இன்புட் 200-240 வோல்ட்னு இருந்ததுதான். ஊருக்கு 230 வோல்ட்னு பேரு, எங்க வீட்டுல சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டர வச்சேன், 172 காட்டுச்சு, ஃபேனே சோர்ந்துபோய் சுத்துது. அதுல இந்த பெட்டி விளையாட்டு நடுவுல ஆஃப் ஆயிட்டா என்ன செய்யுறது?

கோல்ட்ல 100-240 போட்டிருக்கு, அங்கயே என் மனசு சாஞ்சிருச்சு. ஏடிஎக்ஸ் 3.0ங்குற பவர் சப்ளை தரநிலை வேற, அதாவது 100 மைக்ரோசெகண்டுக்கு ரெண்டு மடங்கு இழுத்தாலும் தாங்கணும்னு விதி. எஃபிஷியன்சிக்காக மட்டும் கோல்ட் வாங்க வேண்டாம், பாதி லோடுல ப்ரான்ஸோட 85க்கு பதிலா 90 சதவீதம், நம்ம 350க்கு மிச்சமாகுறது 23 வாட்தான், பேட்டரில ஓட்டுறப்போ கொஞ்சம் உதவும் அவ்வளவுதான்.

இன்வெர்ட்டர் வச்சிருக்கவங்க பியூர் சைன் வேவ்தானான்னு (மெயின் கரண்டு மாதிரி வழவழன்னு வர்ற அலை) கேட்டுக்குங்க, மலிவான இன்வெர்ட்டரோட அலை சரியில்லன்னா நல்ல பவர் சப்ளையும் உறுமும், சிலது கட் ஆகும்.

கார்டு 4060னா கதை வேற, அது 115 வாட்தான், 550 ப்ரான்ஸே தாராளம், 100-240 போட்டதா தேடி எடுங்க. மருமகனுக்கு கோல்ட்தான் எடுத்தோம். பழைய சப்ளையோட மாடுலர் கேபிள (கழட்டி மாட்டுற வயர்) இதுல மாட்டிறாதடான்னு சொல்லி வச்சேன், சொருகுற இடம் ஒண்ணா இருந்தாலும் உள்ள பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும், தப்பா மாட்டுனா எஸ்எஸ்டி போயிரலாம்.