செட்டில்மென்ட் பத்திரம்: 74,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள், நீங்களாவது உஷாராக இருங்கள்

அம்மா பெயரில் இருந்த வீட்டை என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுதியதில் 74,000 ரூபாய் போய்விட்டது. இன்று காலையும் பத்திரம் எழுதித் தந்த கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு, பேச்சு வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படித் தப்பிப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் மெஷினும் கம்ப்யூட்டரும் வைத்துப் பத்திரம் எழுதித் தரும் கடை. எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். அம்மாவுக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். மனையும் கட்டடமும் சேர்த்து மதிப்பு 62 லட்சம் வந்தது. கடைக்காரர் கால்குலேட்டரை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். “கிரயம்னா, அதாவது விலைக்கு வித்தா, முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் ரெண்டு, ஆக ஒன்பது சதவீதம். இது அம்மா மகனுக்கு எழுதறது. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதான்மா.” அழுத்திக் காட்டினார். கிரயமாக இருந்தால் 5,58,000. செட்டில்மென்ட் என்பதால் 1,24,000. நாலு லட்சத்துக்கு மேல் மிச்சம் பண்ணிக் கொடுத்த மகராசன் என்று அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறைதான். பாதி ஜிபேயில், பாதி ரொக்கமாகக் கொடுத்தோம்.

அவர் சொன்ன சதவீதத்தில் பொய்யே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். சொல்லாமல் விட்டது உச்சவரம்பை. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தீர்வை ஒரு சதவீதம்தான், ஆனால் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், 10,000 ரூபாயைத் தாண்டாது. தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் இருந்து இதுதான் கணக்கு. அதற்கு முன் 25,000, 4,000 என்று இன்னும் குறைவு. வீடு 62 லட்சமோ ஆறு கோடியோ, அரசாங்கத்துக்குப் போவது 50,000, அதோடு கம்ப்யூட்டர் கட்டணம் மாதிரி சில்லறை. மீதி 74,000 அவர் பைக்கு. எழுத்துக் கூலி 8,000 தனியாக வேறு வாங்கினார், அதைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. உழைத்ததற்குக் கூலி.

பத்திரம் கைக்கு வந்த பிறகு அத்தை மகன்தான் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்கு அம்பதாயிரம்தானே கட்டினோம்?” என்றான். ரசீதை எடுத்துப் பார்த்தால் அதிலும் தீர்வை 40,000, கட்டணம் 10,000 என்று அச்சாகி இருக்கிறது.

கேட்கப் போனால் முதலில் “ரசீதுல எல்லாம் காட்டாது சார்.” அப்புறம் “உள்ளே குடுக்க வேண்டியதைக் குடுத்தோம்.” யாருக்கு, எவ்வளவு என்றால் சிரிப்பு. அடுத்த முறை முதலாளி ஊரில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, வேறு நம்பரில் இருந்து அடித்தால் உடனே எடுக்கிறார்கள், என் குரல் கேட்டதும் கட். இன்று அந்தக் கடைப் பையன், “வேலை முடிஞ்சிடுச்சுல்ல சார், இன்னும் என்ன?” என்கிறான். அம்மாவோ “விடுப்பா, வீடு வந்துடுச்சே” என்கிறாள். 74,000 அவளுடைய எத்தனை மாதப் பென்ஷன் என்று எனக்குத் தெரியும். விட மாட்டேன். ஜிபே விவரத்தையும் ரசீதையும் வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வழி சொல்கிறேன் என்றேன், இப்போது நீட்டி எழுதப் பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதவீதம் சொன்னால் உச்சவரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். வழிகாட்டி மதிப்பும் (சொத்துக்கு அரசு குறித்து வைத்திருக்கும் மதிப்பு) கட்டண விவரமும் பதிவுத்துறை இணையதளத்திலேயே இருக்கிறது, போகும் முன் பாருங்கள். தீர்வையை உங்கள் கணக்கில் இருந்தே ஆன்லைனில் கட்டுங்கள், கடைக்காரர் கையில் கொடுக்காதீர்கள். கூலியைத் தனியாகப் பேசுங்கள். கிரயம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: பெண்கள் பெயரில், 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்து என்றால் 2025 ஏப்ரலில் இருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. கடைக்காரர் தானாக வாய் திறக்க மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.